பேசின் கேபினட் மாற்றும்போது அடியில் இருக்கும் கழிவுக்குழாய்: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு புளோக்கின் கீழே இருக்கும் ஹார்ட்வேர் கடையில் 11 ஆண்டுகளாக நிற்கிறேன். சனிக்கிழமை மதியமானால் போதும், பேசினுக்கு அடியில் எடுத்த இருட்டுப் படம் ஒன்றைக் கைபேசியில் காட்டி, "அண்ணே, இதுக்கு என்ன வேணும்?" என்று ஒருவர் வந்து நிற்பார். ஆள் மாறுவார், கேள்வி மாறாது. வாய் வலிக்கிறது, எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகள் இருக்கின்றன. நான் உரிமம் பெற்ற பிளம்பர் இல்லை. சாமான் விற்பவன், சொந்த வீட்டில் மூன்று முறை பேசின் மாற்றியவன், அதில் ஒருமுறை கெடுத்தவன்.

பேசினும் கேபினட்டும் மாத்தணும். இதுக்கு லைசென்ஸ் பிளம்பர்தான் வரணுமா?

பழைய பேசின் இருந்த இடத்திலேயே புதியது உட்காரும், சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் ஓடும் குழாயைத் தொடப்போவதில்லை என்றால் நீங்களே செய்யலாம். மிக்சர் (சுடுநீரும் குளிர்நீரும் கலந்து வரும் குழாய்) மாற்றுவது போன்ற சின்ன வேலைகளுக்கு உரிமம் பெற்ற பிளம்பர் தேவையில்லை. தண்ணீர் வரும் குழாயையோ கழிவுக்குழாயையோ இடம் மாற்றுவது, புதிதாக இழுப்பது என்றால் பியுபி (தேசியத் தண்ணீர் அமைப்பு) உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இன்னொன்றும் உண்டு. குளியலறை ஓடுகளை உடைக்க அனுமதி வாங்க வேண்டும், வீவக பட்டியலில் இருக்கும் ஒப்பந்தக்காரர்தான் உடைக்க வேண்டும். வீவக புதிதாகக் கட்டித் தரும் பிடிஓ வீடாக இருந்தால், கட்டி முடித்த 3 ஆண்டுகளுக்குக் குளியலறையின் தரை ஓடுகளையும் சுவர் ஓடுகளையும் பெயர்க்கவே கூடாது. ஓட்டுக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு கெட்டுவிடும் என்பதுதான் காரணம்.

கேபினட் வாங்குறதுக்கு முன்னாடி என்ன அளக்கணும்?

எல்லாரும் சுவரின் அகலத்தை மட்டும் அளந்துகொண்டு கேபினட் கடைகள் இருக்கும் ஜாலான் புசார் பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். கேபினட் வந்து இறங்கிய பிறகுதான், இழுப்பறை மூட மாட்டேன் என்கிறது என்று இங்கே வருவார்கள். போய்ப் பார்த்தால் இழுப்பறையின் பின்பலகை, பேசினுக்கு அடியில் தண்ணீர் தேங்கும் துண்டான டிராப்பில் இடிக்கும். கேபினட்டின் அழகு இரண்டாவது. முதலில் பழைய பேசினுக்கு அடியில் குனிந்து பாருங்கள்.

கழிவுக்குழாய் சுவருக்குள் போகிறதா, தரைக்குள் போகிறதா? இதுதான் முதல் கேள்வி. சுவருக்குள் போனால் அந்த ஓட்டையின் நடு தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று குறியுங்கள். தரைக்குள் போனால் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி என்று குறியுங்கள். ஓட்டையின் உள்விட்டம் எவ்வளவு? தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வுகள் எந்த உயரத்தில், எந்தப் பக்கம்? இவ்வளவையும் ஒரு தாளில் படமாகக் கிறுக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். விற்பனையாளரிடம் பின்பலகை எங்கே திறந்திருக்கிறது, மேல் இழுப்பறை நடுவில் வெட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். நடுவில் வெட்டுள்ள இழுப்பறைதான் டிராப்புக்கு வழிவிடும்.

மேசைமேல் கிண்ணம் போல உட்காரும் பேசின் வாங்குகிறவர்கள் ஒரு கணக்கை மறக்கிறார்கள். பேசினின் விளிம்பு தரையிலிருந்து 80 முதல் 85 சென்டிமீட்டரில் இருந்தால் கை கழுவ வசதி. கிண்ணத்தின் உயரத்தைக் கழித்தால் கேபினட் தாழ்ந்துவிடும், பேசினின் ஓட்டையும் தாழும். பழைய சுவர் ஓட்டை அப்போது டிராப்பின் வாய்க்கு மேலே போய்விடும். தண்ணீர் மேல்நோக்கி ஏறாது.

டிராப் எதுக்குண்ணே? நேரா ஒரு குழாய் விட்டா தண்ணி வேகமா ஓடிடுமே?

தண்ணீர் ஓடிவிடும். அதே வழியில் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வரும். டிராப் என்பது வளைவில் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பாத்திரம். அந்தத் தண்ணீர்தான் கதவு. அது குறைந்தது 50 மிமீ ஆழம் இருக்க வேண்டும்.

அது வெறும் வாடைப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 2003இல் சார்ஸ் வந்தபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் நூற்றுக்கணக்கானோருக்கு நோய் பரவியது. குளியலறைத் தரை டிராப்களில் தண்ணீர் வற்றிப்போய், கழிவுக்குழாயின் காற்று வீட்டுக்குள் வந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. உங்கள் வீட்டில் புழங்காத இரண்டாவது டாய்லெட் இருந்தால் வாரம் ஒருமுறை அதன் தரை டிராப்பில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள்.

பாட்டில் டிராப், வளைஞ்ச டிராப், இந்த மடக்கி நீட்டுற பிளாஸ்டிக்... எது நல்லது?

மூன்றும் விற்கிறேன். கேட்டால் பாட்டில் டிராப்தான் சொல்வேன். சின்ன இடத்தில் அடங்கும், நடுக்குழாயை ஏற்றி இறக்கி உயரத்தைச் சரிசெய்யலாம், அடைத்தால் அடிக்கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவலாம். கழற்றும்போது கீழே ஒரு டப்பா வைக்க மறக்க வேண்டாம். தேங்கியிருக்கும் தண்ணீரில் எத்தனை மாதத்து முடி இருக்கும் என்று பார்த்தால்தான் தெரியும்.

வளைந்த டிராப்பில் தண்ணீர் தடையில்லாமல் போகும், அடைப்பும் குறைவு. ஆனால் கேபினட்டுக்குள் இடம் வேண்டும். மடக்கி நீட்டும் நெளிகுழாயை அவசரத்துக்கு மட்டும் வாங்குங்கள். மடிப்பு மடிப்பாகச் சோப்பு அழுக்கு ஒட்டும், தொங்கிய இடத்தில் தண்ணீர் தேங்கும். கேபினட்டோடு இலவசமாக வருவது பெரும்பாலும் இதுதான்.

பழைய டிராப்பையே புதுசுல மாட்டலாமா?

கனமான பித்தளையாக இருந்து மரை தேயாமல் இருந்தால் தாராளமாக. வாஷர்களை மட்டும் மாற்றுங்கள், சில காசு விஷயம். நசுங்கிய ரப்பர் புது இடத்தில் பழைய தடத்திலேயே உட்காராது.

32ன்னு போட்டிருக்கு, சுவத்துல இருக்கிறதும் 32தான். ஏன் நுழைய மாட்டேங்குது?

இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பதில் சொல்வேன். ஒரே 32, ஆனால் மூன்று பொருள். குரோம் பூசிய டிராப் குழாயில் 32 மிமீ என்றால் அது வெளிவிட்டம். பசை போட்டு ஒட்டும் பிளாஸ்டிக் கழிவுக்குழாயில் 32 என்பது பெயரளவு. வெளியே அளந்தால் 36 மிமீ சொச்சம் வரும். வேஸ்ட்டின் அடியில் இருக்கும் மரை ஒன்றேகால் அங்குலம், அதாவது நம்மூர்க் கணக்கில் இதுவும் '32'. ஆனால் மரையின் வெளிப்பக்கம் அளந்தால் கிட்டத்தட்ட 42 மிமீ. (பேசின் ஓட்டைக்குள் உட்காரும் அந்த உலோகத் துண்டைத்தான் கடையில் வேஸ்ட் என்போம்.)

ஆகவே எண்ணைப் படிக்காதீர்கள், அளவெடுங்கள். கேலிப்பர் இல்லையென்றால் குழாயைச் சுற்றி ஒரு தாள் கீற்றைச் சுற்றிக் குறித்து, நீளத்தை 3.14ஆல் வகுங்கள். சுவர் ஓட்டைக்கும் டிராப் குழாய்க்கும் நடுவே இடைவெளி இருப்பது தவறில்லை. அதை அடைக்கத்தான் ரப்பர் வளையம் விற்கிறது. உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று இரண்டு எண் சொன்னால் எடுத்துத் தருவேன். இணையத்தில் அமெரிக்க செட் வாங்கியவர்கள் மரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், ஒன்றரைச் சுற்று போய் முரண்டு பிடிக்கும். அந்த இடத்தில் பலத்தைக் காட்டாதீர்கள்.

வேஸ்ட்ல பக்கவாட்டுல ஓட்டை இருக்கிறதும் விக்குது, இல்லாததும் விக்குது. எனக்கு எது?

பேசினின் உள்பக்கம், விளிம்புக்குக் கீழே சின்ன ஓட்டை இருக்கிறதா? அது வழிந்தோடும் துளை. இருந்தால் பக்கத்துளை உள்ள வேஸ்ட், இல்லையென்றால் துளையில்லாதது. மாற்றி மாட்டினால் என்ன? துளையுள்ள பேசினில் துளையில்லா வேஸ்ட் போட்டால், வழியும் தண்ணீர் பேசினின் இரட்டைச் சுவருக்குள் போய் வெளியேற வழியில்லாமல் நாறும். துளையில்லாத பேசினில் துளையுள்ள வேஸ்ட் போட்டால், பேசினின் அடியிலிருந்து நேராகக் கேபினட்டுக்குள் சொட்டும்.

வெள்ளை டேப் எங்கெல்லாம் சுத்தணும்?

எல்லா மரையிலும் சுற்றி ஒரு ரோலையே தீர்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. டிராப்பின் நட்டுகள் வாஷரை அழுத்தி அடைக்கும் வகை. அங்கே மரை தண்ணீரைத் தடுப்பதில்லை, வாஷர்தான் தடுக்கிறது. டேப் சுற்றினால் நட்டு முழுதாக இறங்காது, அவ்வளவுதான் பயன். டேப் தேவைப்படும் இடம் வேஸ்ட்டின் உடல். பக்கத்துளை வழியாக வரும் தண்ணீர் மரையின் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு, இறுக்கிய நட்டையும் தாண்டிக் கீழே இறங்கும். அடிப்பக்க ரப்பர் உட்காரும் உயரத்தில் நாலைந்து சுற்று டேப் அல்லது மெல்லிய சிலிக்கோன் பூச்சு அதை நிறுத்தும்.

வரிசை இது. மேலிருந்து வேஸ்ட்டை இறக்கும்போது அதன் தட்டுக்கு அடியில் மெல்லிய ரப்பர் அல்லது சிலிக்கோன். கீழிருந்து முதலில் தடித்த ரப்பர், சரிவுள்ள பக்கம் மேலே பார்க்க, பிறகு தட்டையான பிளாஸ்டிக் வாஷர், கடைசியில் நட்டு. நட்டை இறுக்கும்போது மேலே ஒருவர் வேஸ்ட்டைத் திரும்பாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கைக்கு இறுகியதும் ஸ்பானரில் கால் சுற்று. பேசின் பீங்கான், வண்டிச் சக்கரம் இல்லை. மேசை பளிங்குக்கல் என்றால் சிலிக்கோன் டியூபை முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது வேண்டாம், கல்லைக் கறையாக்கும். 'நியூட்ரல்' என்று எழுதியதை வாங்குங்கள்.

எல்லாத்தையும் நல்லா இறுக்கிட்டேன். இன்னும் சொட்டுது.

'நல்லா' என்ற சொல்தான் சிக்கல். பிளாஸ்டிக் நட்டை ஸ்பானரால் முறுக்கினால் வாஷர் பிதுங்கும், சில சமயம் நட்டிலேயே மயிரிழை விரிசல் விழும். அதற்கு முன் எங்கிருந்து சொட்டுகிறது என்று கண்டுபிடியுங்கள். எல்லா மூட்டையும் துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் காய்ந்த டிஷ்யூவைச் சுற்றி வையுங்கள். பேசினை விளிம்புவரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். சும்மா ஓடும் தண்ணீரில் கசியாத மூட்டு இந்த அழுத்தத்தில் கசியும். முதலில் நனைந்த டிஷ்யூதான் குற்றவாளி. தண்ணீர் குழாயைப் பிடித்துக் கீழே வழியும் என்பதால் மேலிருந்து கீழாகப் பாருங்கள்.

மூட்டைக் கழற்றி கூம்பு வாஷரைப் பாருங்கள். அதன் சரிந்த முனை நட்டைப் பார்க்கக் கூடாது, குழாய் நுழையும் வாயைப் பார்க்க வேண்டும். பிறகு குழாய் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். டிராப் ஒரு பக்கம் இழுபட்டுக் கோணலாக இருந்தால் எந்த வாஷரும் அடைக்காது. எல்லா நட்டையும் தளர்த்தி, குழாய்கள் தாமாக உட்காரும் நிலைக்கு வந்தபின் வரிசையாக இறுக்குங்கள். குழாயை அறுத்திருந்தால் முனையில் பிசிறு இருக்கும், அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

சுத்தி சிலிக்கோன் பூசிட்டா போதாதா?

ஒரு மாதத்துக்குப் போதும்.

தண்ணி மெதுவா போகுது, குளுகுளுன்னு சத்தமும் வருது. புது டிராப்தானே?

முதலில் டிராப்பிலிருந்து சுவருக்குள் போகும் குழாயை வெளியே இழுத்துப் பாருங்கள். அலங்கார வளையம் சுவரில் ஒட்ட வேண்டும் என்பதற்காகக் குழாயை அடிவரை தள்ளியிருப்பீர்கள். அதன் வாய் உள்ளே இருக்கும் வளைவின் பின்சுவரில் முட்டி, பாதி அடைத்துக்கொண்டிருக்கும். மூன்று நான்கு சென்டிமீட்டர் உள்ளே இருந்தால் போதும், மிச்சத்தை அறுத்துவிடுங்கள். நான் பார்த்த 'புது டிராப் ஓடவில்லை' புகார்களில் பாதி இதுதான்.

அடுத்து சாய்வு. படுக்கையாக ஓடும் குழாய் மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இறங்க வேண்டும். நெளிகுழாய் வயிறு தள்ளித் தொங்கினால் இன்னொரு டிராப் உண்டானதாக அர்த்தம். இரண்டுக்கும் நடுவே காற்று மாட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தைத் தரும். பேசின் காலியானதும் கடைசியில் உறிஞ்சும் சத்தம் வந்து, அப்புறம் வாடையும் அடித்தால், ஓடும் தண்ணீர் டிராப்பில் இருக்க வேண்டியதையும் இழுத்துக்கொண்டு போகிறது. குழாய் நீளமாகி நேர்க்குத்தாக இறங்கும் வீடுகளில் இது நடக்கும்.

அடைப்பு நீக்கும் காரப்பொடியைக் குரோம் டிராப்பில் கொட்டாதீர்கள். கொதிக்கும் தண்ணீரும் வேண்டாம், பிளாஸ்டிக் மூட்டுகள் இளகும்.

பேசின் குழாயைத் தரை டிராப் கிரில் மேல விட்டுட்டா போதும்தானே? எங்க பழைய வீட்ல அப்படித்தான் இருந்துச்சு.

பல பழைய வீடுகளில் அப்படித்தான். தரை டிராப்பிலேயே தண்ணீர்க் கதவு இருப்பதால் சாக்கடை வாடை வராது. ஆனால் பேசினிலிருந்து கிரில் வரையுள்ள குழாய்க்குள் ஒட்டும் சோப்பு அழுக்கே ஒரு வாடை தரும். அதனால் பேசினுக்கென்று ஒரு பாட்டில் டிராப் இருப்பது நல்லது. கிரில் வழியாகக் காற்று வந்துபோவதால், மேலே சொன்ன இரட்டை டிராப் சிக்கல் இங்கே வராது.

பயப்பட வேண்டியது வேறு. தரைவரை இறங்கும் கேபினட்டை வாங்கித் தரை டிராப்பையே மூடிவிடுகிறார்கள். அடைத்தால் கை போகாது. மூடிய இருட்டில் தேங்கும் தண்ணீர் கொசுவுக்கும் தோதான இடம், நம்மூரில் டெங்கி எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. சுவரில் தொங்கும் கேபினட் வாங்குங்கள். அதற்குச் சுவரைத் துளைக்க வேண்டியிருந்தால் வார நாளில் 9 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் முடியுங்கள். வீவக வீடுகளில் சத்தமான வேலைக்கு அதுதான் நேரம், சனி ஞாயிறு கிடையாது.

கீழ் வீட்டுக்காரர் கூரையில ஈரம்னு சொல்றார். என் பேசின்தான் காரணம்னு எப்படித் தெரியும்?

இது என் கதையும்தான். இரண்டாவது முறை மாற்றியபோது கூம்பு வாஷரைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். சொட்டுச் சொட்டாகத்தான் கசிந்தது. கேபினட்டின் பின்பலகை அதைக் குடித்துக்கொண்டே இருந்தது. பலகை அப்பளம் போல உப்பிய பிறகும் ஈரக்காற்று என்று நினைத்தேன். ஆறாவது வாரம் கீழ் வீட்டு மலாய் மக்சிக் (அத்தை) கதவைத் தட்டினார். திட்டவில்லை, கைபேசியில் தன் குளியலறைக் கூரையின் பழுப்பு வட்டத்தைக் காட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பெயின்ட் செலவு என்னுடையது.

கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள். இரண்டு நாள் பேசினை மட்டும் புழங்காமல் விட்டு, குளியலை வழக்கம்போல் செய்யுங்கள். பிறகு டிஷ்யூ சோதனை. மூட்டுகள் காய்ந்திருந்தும் கீழே ஈரம் பரவினால் தரையின் நீர்த்தடுப்பு போயிருக்கலாம். வீவக வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள தளத்தின் பழுதை மேல்வீடும் கீழ்வீடும் சேர்ந்து பார்க்க வேண்டும். தகுதியான கசிவுகளுக்கு உதவித் திட்டம் உண்டு. செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதியை இரு வீட்டாரும் ஆளுக்குக் கால்வாசியாகக் கொடுப்பார்கள். உங்கள் வாஷர் கசிந்ததற்கு அந்தத் திட்டம் வராது.

கண்ணாடி நடுவுல வரணும்னு பேசினை ஒரு அடி தள்ளி வைக்கச் சொல்றா மனைவி. குழாயை மட்டும் கேபினட்டுக்குள்ள நீட்டிக்கலாமா?

ஒரு அடி என்றால் 30 சென்டிமீட்டர். முன்னே சொன்ன சாய்வுக்கு முக்கால் சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும். உயரம் இடம்கொடுத்தால் டிராப்புக்குப் பிறகு கெட்டியான குழாயில் நீட்டலாம், நெளிகுழாயில் வேண்டாம். முன்பக்கம் இழுப்பறை இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள், அந்த நீட்டிய குழாய் அதன் வழியில்தான் படுத்திருக்கும்.

உயரம் போதவில்லையென்றால் சுவர்க்குழாயையே தள்ள வேண்டும். அது முதல் கேள்வியில் சொன்ன வேலை. "ஓட்டுக்குள்ள ஒரு எல்போ வெச்சு மூடிடலாம், யாருக்குத் தெரியும்" என்று (எல்போ என்றால் வளைவு மூட்டு) குறைந்த விலை சொல்லும் ஆள் வருவார். கழற்ற முடியாத இடத்தில் மூட்டு வைக்க விடாதீர்கள். கண்ணாடியைத் தள்ளி மாட்டுங்கள், இரண்டு திருகாணிதான்.